வம்சாவளியும் வீட்டுப் பரணும்

குடும்ப பூர்வோத்தரம் எழுதுமாறு கேட்கப்படும்போது அன்பர்கள் வரைந்தனுப்பும் வம்சாவளிகளிற் பல, ஒரே அச்சில் வார்த்தவை போலிருப்பதை வாசகர்கள் கண்டிருக்கலாம். மூலபுருஷர் ஓர் அரசனிடத்தில் மந்திரியாகவோ படைத்தலைவராகவோ இருப்பார். இன்ன ஆலயத்துக்கு இன்ன திருப்பணி செய்தார் என்றிருக்கும். அப்பால் பத்துத் தலைமுறைக்குப் பெயர்கள் மட்டுமே நிற்கும். அப்பெயருடையோர் என்ன தொழில் செய்தனர், யாரிடம் கடன்பட்டனர், எவருடன் வழக்காடினர் என்பன அங்கே வாரா. புகழுடைய முன்னோர் நமக்குண்டோ என்று தேடுவது குற்றமன்று. எங்கே தேடுவது என்பதற்குப் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் குடும்பத்தின் கதை நல்ல வழிகாட்டியாகும்.

பிள்ளையவர்கள் 1709-ம் வருஷம் சென்னைப் பெரம்பூரிற் பிறந்தவர். பிரெஞ்சுக் கவர்னர் தூய்ப்ளேயின் துவிபாஷியாயிருந்து பெருஞ்செல்வமும் செல்வாக்கும் எய்தினார். புலவர்கள் அவரைப் பாடினர். தியாகராச தேசிகர் தமிழில் ஆனந்தரங்கன் கோவை இயற்றினார். ஸ்ரீநிவாச கவி வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு என்னும் காவியத்தை 1752-ல் செய்து, அவருடைய முன்னோர் வரலாற்றையும் அதில் அமைத்தார். புலவர் தம் தொழிலைச் செய்தனர், குறை சொல்வதற்கில்லை. எனினும் இவ்விரு நூல்களே எஞ்சியிருந்தால், கொடைவள்ளல் என்ற பொதுப்பெயருக்குள் மறைந்த பல பிரபுக்களில் ஒருவராகவே அவரும் எண்ணப்பட்டிருப்பார்.

அவர் காலஞ்சென்று எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1846-ல், கல்வா மொம்ப்ரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவருடைய சந்ததியாரிடம் இருந்த பழைய கையெழுத்துப் புத்தகங்களைக் கண்டார். தினப்படிச் செய்திக் குறிப்பு என்று பிள்ளையவர்கள் பெயரிட்டவை அவை. 1736-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 6-ந் தேதி தொடங்கி 1761 ஜனவரி வரையில், இடையிடையே விடுபட்டனவாயினும், இருபத்து நான்காண்டுச் செய்திகள் அவற்றில் அடங்கியுள்ளன. எழுதிய நடையோ வர்த்தகர் பேசும் தமிழ்.

அவற்றைப் படிப்போர் முன் நிற்பவர் காவியத்தின் பிரபு அல்லர். கப்பல் எப்போது வந்தது, என்ன சரக்கு இறங்கியது, கவர்னர் எந்த நேரத்தில் அழைத்தார், என்ன கேட்டார், தாம் என்ன விடை சொன்னார் என்று விடாது குறித்துக்கொண்டே செல்கிறார். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தது, 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டது, அவ்வருஷமே வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது எல்லாம் அருகிருந்து கண்டும் கேட்டும் எழுதினவை. கவர்னர் மனைவியின் மேல் அவருக்கிருந்த வெறுப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தம்மைப் பிறர் புகழ்ந்ததை எழுதிக்கொள்வதிலும் அவருக்குக் கூச்சமில்லை. துவிபாஷி உத்தியோகத்துக்குப் போட்டியிட்டோர், சாதிச் சண்டைகள், தமக்கு வந்த அச்சம், சோதிடத்தில் வைத்த நம்பிக்கை என ஒன்றும் மறைந்திலது. இப்படிப்பட்ட குறைநிறைகளோடு கூடிய பாட்டனார் காவியத்தில் வரும் பாட்டனாரினும் நமக்கு நெருங்கியவர் என்பது எமது துணிபு.

இக்குடும்பத்தில் மற்றொரு முன்னோரும் உண்டு. வம்சாவளி எழுதுவோர் பெரும்பாலும் ஒதுக்கிவிடக்கூடியவர். ஆனந்தரங்கரின் தந்தையார் திருவேங்கடம் பிள்ளைக்கு மைத்துனரான நயினியப்ப பிள்ளை, கும்பினியாரின் தலைமைத் தரகராயிருந்தவர். 1716-ல் கவர்னர் எபேர் அவரைச் சிறையிலிட்டார். கசையடியும், சிறைவாசமும், சொத்துப் பறிமுதலும் தண்டனையாக விதிக்கப்பட்டன. 1717-ல் சிறையிலேயே மாண்டார். மகன் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பாரிஸ் சென்று முறையிட்டார். அங்கே கிறிஸ்து மதம் தழுவி, செயிண்ட் மிஷேல் என்னும் வீரர் வரிசையிற் பட்டமும் பெற்றுத் திரும்பினார். தந்தையின் மீதிருந்த பழியும் நீங்கியது. கசையடி பட்டுச் சிறையில் இறந்தவர் என்று வெட்கி அப்பெயரை மறைத்திருந்தால், மகன் செய்த அரிய காரியமும் உடன் மறைந்திருக்கும். இவ்வழக்கின் விவரங்கள் நிலைத்தற்குக் காரணம் கும்பினியார் காத்த தஸ்தாவேஜுகள். ஆகவே தம் குடும்பத்தைத் தேடுவோர், வீட்டு மரியாதைக்குக் குறைவென்று பாட்டிமார் மெதுவாகச் சொல்லும் வழக்குகளையும் கேட்டுக் குறித்தல் வேண்டும். கோர்ட்டுக் கட்டுகளிலும் கிரய சாசனங்களிலும் அவற்றின் சுவடு கிடைக்கும்.

கண்டெடுத்த ஏடுகளுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். மொம்ப்ரேன் ஒரு பிரதி எடுத்தார்; ஆரியேல் என்பவர் எடுப்பித்த பிரதி பாரிஸ் தேசீய நூல்நிலையம் சேர்ந்தது. மூலச் சுவடிகளிற் சில பின்னர் காணாமற்போயின. அவர் அன்று பிரதி செய்யாதிருப்பின் அப்பகுதிகள் நமக்கில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. தமிழர் தமிழில் எழுதியதன் மூலம் நூல்வடிவில் அச்சேறத் தொடங்கியதோ 1948-ல்! பழைய வீட்டை இடித்துக் கட்டும் அன்பர்கள் பரணிலுள்ள கணக்குச் சுவடிகளை எடைக்குப் போடுமுன், எழுத்தறிந்த பெரியவர் ஒருவரைக் கொண்டு ஒரு பொழுதாவது பார்க்கச் செய்வார்களாக.

1761 ஜனவரி 16-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. பிள்ளையவர்கள் காலமானதும் அம்மாதத்திலேதான். குறிப்பு அத்துடன் நின்றுவிடவில்லை. தம்பியின் மகன் திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்து எழுதலானார்.