குடா காத்ததா, கைகள் காத்தனவா?

கரீபியத் தீவுகளில் ஜூன் முதல் நவம்பர் வரை புயற்பருவம். அந்த ஆறு மாதமும் படகை எங்கே கட்டிவைப்பது என்று கேட்டால், வாய் குறுகிய, மலை சூழ்ந்த குடாவைத் தேடு என்பதே அங்கே வழிவழியாக வரும் விடை. அதற்குச் சான்றாக ஆன்டிகுவாவின் இங்கிலீஷ் ஹார்பரைக் காட்டுவார்கள். 1723 செப்டம்பரில் வீசிய புயல் அத்தீவின் மற்றத் துறைகளில் நின்ற 35 கப்பல்களைக் கரையில் தூக்கிப் போட்டது. இங்கே நின்ற ஹெக்டர், வின்செல்சி என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்கோ சேதம் ஏதும் இல்லை. அந்தப் பெயரை நம்பித்தான் சில ஆண்டுகளில் அங்கே கடற்படைத் தளம் எழுந்தது. பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நெல்சன் அந்த இடத்தை வெறுத்துச் சலித்துக்கொண்டாலும், புயற்பருவத்தில் அவருடைய கப்பலும் அங்கேதான் ஒதுங்கியது.

குடாவின் புகழ் நியாயமானதுதான், ஆனால் முழுக் கணக்கு அல்ல. போர்க்கப்பல் என்றால் அதில் ஒரு பெருங்கூட்டம் மாலுமிகள் உண்டு. மேல்மரங்களை இறக்க, பாய்களை அவிழ்த்து உள்ளே வைக்க, வடம் உராயும் இடத்தில் பழைய கித்தான் சுற்ற, ஒரு நங்கூரம் இழுபட்டால் அடுத்ததைப் போட ஆளுக்குக் குறைவில்லை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மேலே தொங்குவது எதுவானாலும் கயிற்றுக்குப் பகை. கரையில் தளத்தைக் கட்டியதும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பே. ஆக, அந்தக் குடாவின் பாதுகாப்பில் கூலியில்லாத கைகளுக்கும் பங்கு உண்டு.

கைகள் விலகியபின் என்ன நடந்தது என்பதற்கு 1989இல் வீசிய ஹியூகோ புயல் சாட்சி. புவேர்ட்டோ ரிக்கோவை அடுத்த குலேப்ரா தீவின் என்செனாடா ஓண்டா, மிகச் சிறந்த ஒதுங்குமிடம் என்று பெயர் வாங்கிய குடா. பெயரைக் கேட்டே படகுகள் நெருக்கியடித்து வந்து சேர்ந்தன. பெரும்பகுதி கரையில் மோதிக் கிடந்தது. 1995இல் லூயிஸ் புயலின்போது செயின்ட் மார்ட்டினின் சிம்ப்சன் பே காயலிலும் நூற்றுக்கணக்கான படகுகள் அழிந்தன. அது அகன்ற காயல், உள்ளேயே அலை எழும் என்பது உண்மை. குலேப்ராவுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. இவை மிகக் கடுமையான புயல்கள், எந்தக் கட்டும் தாங்காது என்று வாதிடலாம். முதல் படகு அறுத்துக்கொண்டதற்கு அது காரணமாகலாம். ஆனால் ஆளில்லாமல் மிதந்த அந்தப் படகு பக்கத்துப் படகின் வடத்தில் விழுந்து அதையும் இழுத்துச் சென்றதற்கு நெருக்கமே காரணம்; நன்றாகக் கட்டியவரும் மோசமாகக் கட்டியவரின் கயிற்றை நம்பியே இருக்க வேண்டியிருந்தது. அதற்காகப் புயலில் படகிலேயே ஆளை இருத்துங்கள் என்று இன்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அப்படியானால் தெற்கே போய்விடலாமே என்பது இன்னொரு வாதம். காப்பீட்டு நிறுவனங்களும் நெடுங்காலம் அப்படித்தான் கோடு போட்டன. கிரெனடா தீவு, புயல் எட்டாத இடம் என்று கருதப்பட்டது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் அந்தத் தீவையே புரட்டியது. 2024 ஜூலை 1இல், பருவம் தொடங்கி ஒரே மாதத்தில், பெரில் புயல் கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ தீவைத் தாக்கியது. ஐவனின்போது கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த படகுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. அதனால் இப்போது பல பட்டறைகளில் பாய்மரத்தைக் கழற்றிவிட்டு, அடிக்கட்டையைக் குழியில் இறக்கி, தரையில் புதைத்த பிடிகளோடு பட்டைகளால் இறுக்கிக் கட்டுகிறார்கள்.