கிழியும் முகநூலும்

அக இலக்கியத்தில் மடலேறுதல் என்றொரு துறை உண்டு. காதலியைப் பெற இயலாத தலைவன் பனங்கருக்கால் குதிரை செய்து, அவளுடைய உருவத்தை எழுதிய கிழியைக் கையில் ஏந்தி ஊர்த் தெருவுக்கு வருவான். சொல்லால் வேண்டியும் கிடைக்காத நீதியைப் படத்தைக் காட்டிக் கேட்பது அச்செயலின் உட்பொருள். கிழியைக் கண்ட ஊரார் அனைவரும் சாட்சியாகி விடுகின்றனர். ஆனால் எருக்கமாலை சூடி, கருக்கு அறுக்க, நாணம் இழந்து வருபவன் அவன் ஒருவனே. படத்தைப் பலர் காண, அதன் பொறுப்பை ஒருவர் சுமக்கும் இந்நிலை, தமிழகத்து அரசியல் படங்களின் வரலாற்றிலும் தொடர்ந்து வந்துள்ளது.

1906-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படம் வேரூன்றியது அவ்விதழால்தான். எழுத்தறிந்தோர் மிகச் சிலராக இருந்த காலத்தில், அயலாட்சியின் இயல்பை எழுத்தறியாதவரும் படம் பார்த்து உணர முடிந்தது. 1908-இல் அரசின் அடக்குமுறை பாய்ந்தபோது ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர் பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் கொண்டிருந்த சீனிவாசன். பாரதியார் புதுச்சேரி சென்றார்; இதழும் அங்கே தொடர்ந்து, 1910-இல் நின்றது. பாரதியைக் கொண்டாடும் விழாக்களில் சீனிவாசனின் பெயர் எத்தனை முறை ஒலித்திருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விடுதலைக்குப் பின்னரும் பொறுப்பு ஆசிரியரைச் சார்ந்தே நின்றது. 1987-இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் எள்ளும் நகைச்சுவைப் படம் ஒன்று 'ஆனந்த விகடன்' அட்டையில் வெளிவந்தது. அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு எழவே சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் உயர்நீதிமன்றம் சென்று வென்று, ஆயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார். வரைந்தவருக்கும் அதிகாரத்துக்கும் இடையே ஆசிரியர் என்றொரு மதில் அன்று இருந்தது.

முகநூல் வந்தபின் அம்மதில் இல்லாமற் போயிற்று. 2017-ஆம் ஆண்டு அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனுக் கொடுத்தும் பயன் காணாத கூலித் தொழிலாளி ஒருவர், மனைவியுடனும் இரு பெண் குழந்தைகளுடனும் அவ்வளாகத்திலேயே தீக்குளித்தார். நால்வரும் மாண்டனர். தமிழகத்தில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதலே நடைமுறையில் இருந்தது. வட்டிக்கு வாங்கித் தறி ஓட்டுவோர் நிறைந்த ஓமலூர், தாரமங்கலம், ஜலகண்டாபுரம் வட்டாரத்தாருக்கு அத்தீயின் வெம்மையை விளக்க வேண்டியதில்லை.

இதழ்ப்பணியை விட்டுத் தனித்து வரைந்துவந்த கருத்துப்பட ஓவியர் பாலா, அடுத்த நாளே ஒரு படம் வரைந்து முகநூலில் வெளியிட்டார். எரிந்து கிடக்கும் குழந்தை. எதிரே ஆடையிழந்து நின்று பணக்கட்டுகளால் மானம் மறைக்கும் முதலமைச்சர், ஆட்சியர், காவல்துறை அதிகாரி. அச்சகமும் முகவரும் இன்றி அப்படம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. அன்றைய முதலமைச்சர் ஓமலூருக்கு அண்டையிலுள்ள எடப்பாடித் தொகுதியின் உறுப்பினர் என்பதால், சேலம் மாவட்டத்தார்க்கு அது அயலூர்ச் செய்தியாக இருந்திருக்க இயலாது.

ஆட்சியர் அளித்த புகாரின்மேல் நவம்பர் 5-ஆம் நாள் பாலா சென்னையில் தம் வீட்டிலிருந்து கைது செய்யப்பட்டு, மறுநாள் திருநெல்வேலி நீதிமன்றத்தில் பிணை பெற்றார். கைதுக்கு முன் படத்தைக் காணாதவர்களும், எதற்காகக் கைது என்று தேடிக் கண்டனர். மறைக்க எண்ணிய படத்தை அரசே இந்தியா முழுதும் காட்டியது. அப்படம் பண்பற்றது என்று முகஞ்சுளித்தோரும் உண்டு. அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் தொல்காப்பியர் வகுத்தார். முகத்துக்கு நேரே பழிப்பதும் அவர் கண்ட வகையே. காளமேகத்தின் வசைப்பாக்களைச் சுவைத்துப் பழகியவர்கள், பிணமான குழந்தையை விட்டு அதிகாரிகளின் ஆடையைப் பற்றிக் கவலைகொள்வது வியப்புக்குரியது. எனினும் ஒன்றை மறுக்க முடியாது. படத்தைப் பகிர்ந்தோர் எண்ணற்றோர். காவலர் வண்டியில் ஏறியவர் ஒருவரே.

ஈராண்டுக்குப் பின் வேறொரு வகைப் படம் தோன்றியது. 2019 டிசம்பர் 29, மார்கழி மாதத்து ஞாயிறு. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சென்னை பெசன்ட் நகரில் பெண்கள் சிலர் தெருவில் கோலமிட்டு, சட்டம் வேண்டாம் என எழுதினர். அனுமதி பெறவில்லை எனக் கூறிக் காவல்துறை அவர்களை அழைத்துச் சென்று, சற்று நேரத்தில் விடுவித்தது. மார்கழியில் கோலமிட அனுமதியா என்ற கேள்வியுடன் அக்கோலங்களின் ஒளிப்படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. மறுநாள் தி.மு.க. தலைவர்களின் வீட்டு வாசல்களில் அதே கருத்துடைய கோலங்கள் காணப்பட்டன. பிற இடங்களிலும் பெண்கள் இட்டனர். நண்பகலுக்குள் காலடி பட்டு அழியும் மாக்கோடு, ஒளிப்படத்தால் அழியாதிருந்தது. கோலத்தில் கையொப்பமிடும் வழக்கம் இல்லை. வாசல்கள் பெருகியபோது, பதிவேட்டு ஆசிரியரையோ தனி ஓவியரையோ தேடிப் பிடித்தது போல ஒருவரைச் சுட்டுவது அங்கே கடினமாயிற்று.

தம் பெயரை எழுதிப் படம் வரைந்த பாலாவோ வழக்கைச் சுமந்தபடி இருந்தார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதனைத் தள்ளுபடி செய்தது 2021-இல். படம் வெளிவந்து மூன்றாண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.