மறைப்பதும் மறப்பதும்: மறைத்த தகவல் சோதனையில் உணர்ச்சியின் இடம்

‘உண்மை கண்டறியும் சோதனை’ என்ற ஒரே பெயருக்குள் இருவேறு முறைகள் கலந்து கிடக்கின்றன. “நீ கொன்றாயா?” என்று கேட்டு உடலின் பதற்றத்தை அளப்பது ஒன்று. குற்றமற்றவரும் அஞ்சுவார் என்பதால் அதன் அடித்தளமே பலவீனமானது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன் 1959இல் முன்வைத்த முறை, இன்று மறைத்த தகவல் சோதனை எனப்படுவது, வேறு. அது பொய்யைத் தேடுவதில்லை. குற்றத்தில் தொடர்புடையவருக்கே தெரிந்த விவரம் ஒருவரின் நினைவில் உள்ளதா என்று பார்க்கிறது.

கத்தி, சுத்தியல், கயிறு, அரிவாள், இரும்புக் கம்பி என ஐந்து பெயர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. கொலைக்கருவி எதுவென அறியாதவருக்கு ஐந்தும் ஒன்றே. அறிந்தவருக்கோ உரிய பெயர் வரும்போது தோலின் மின்கடத்துத்திறன் கூடும், மூச்சு அடங்கும், இதயத்துடிப்பு சற்றுக் குறையும். அச்சம் துடிப்பைக் கூட்டும். இங்கே அது குறைவதால், இயங்குவது அச்சத்தைவிடக் கவன ஈர்ப்பே எனலாம். இப்படி ஐந்து விடைகள் கொண்ட ஆறு கேள்விகள் கேட்டால், விவரம் அறியாதவருக்கு ஆறிலும் சரியான விடைக்கே தற்செயலாக உச்ச எதிர்வினை எழும் வாய்ப்பு 15,625இல் ஒன்று.

இக்கணக்கு குற்றமற்றவருக்கு நல்ல அரண். ஆனால் குற்றவாளியைப் பிடிக்க வேண்டுமானால், கேட்கப்படும் விவரம் அவர் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவைத் தீர்மானிப்பதில் உணர்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. கடும் கிளர்ச்சியில் கவனம் குறுகுகிறது. மன அழுத்த ஹார்மோன்களும் மூளையின் அமிக்டலாவும் நிகழ்வின் மையத்தை ஆழப் பதிக்கின்றன. ஓரத்தில் இருந்தவை பதியாமலே போகலாம். கையில் இறுகப் பிடித்த கத்தி நினைவிருக்கும். அறையின் திரைச்சீலை என்ன நிறம் என்பது நினைவிருக்க வேண்டியதில்லை.

உணர்ச்சி நினைவை வலுப்படுத்துவதால் உண்மையான குற்றங்களில் சோதனை இன்னும் துல்லியமாகும் என்று வாதிடலாம். அது பாதி உண்மையே. ஆய்வகத்தில் போலித் திருட்டு நடத்தும் மாணவர் பல நேரங்களில் விவரங்களை மனத்தில் இருத்தும்படி முன்கூட்டியே பணிக்கப்படுகிறார். இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2003இல் இச்சூழலை இயல்புக்கு நெருக்கமாக்கியபோது விவரங்களை நினைவுகூர்வது குறைந்தது. மைய விவரங்களை மட்டும் கேட்டபோதே சோதனையின் திறன் நிலைத்தது. ஆகவே, எதிர்வினை இல்லாமையைக் குற்றமின்மைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. மறைக்காமல் மறந்தவரும் அமைதியாகவே இருப்பார்.

மறுபுறம், செய்தியில் கசிந்த விவரம் நிரபராதியின் நினைவிலும் குடியேறிவிடும். இச்சோதனையைக் காவல்துறை வழக்கமாகப் பயன்படுத்தும் ஜப்பானில், வெளியே தெரியாத விவரங்களையே கேள்விகளாக்குகிறார்கள்.

இத்தகைய உடல் எதிர்வினைகளை அளக்கும் பாலிகிராஃப் சோதனைக்கு ஒப்புதலின்றி யாரையும் உட்படுத்தக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. அது தனிமனித உரிமையைக் காக்கிறது; சோதனையின் நம்பகத்தை அதனால் காக்க இயலாது. அந்தப் பொறுப்பு புலனாய்வாளருடையது. குற்றவாளி தொட்ட, செய்த, எடுத்துச் சென்ற விவரங்களை முதல் நாளே தனியே குறித்து, செய்தியாளர் சந்திப்பில் வெளியிடாமல் காத்து, நினைவு மங்குமுன் சோதிக்க வேண்டும். இம்மூன்றும் தவறிய வழக்கில் இச்சோதனையைக் கைவிடுவதே நேர்மை.