இலவசம் என்றால் நம்பாத வாசல்

சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தின் படியேறும்போது மாணவி ஒருத்தி, "டிக்கெட் எவ்வளவு, டீச்சர்?" என்றாள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொதுக் காட்சிக்கூடங்கள் இலவசம் என்றேன்; அவள் நம்பவில்லை.

அத்தயக்கத்திற்கு அக்கட்டடமும் ஒரு காரணம். 1929இல் எழுந்த நகர மண்டபமும், 1939இல் திறக்கப்பெற்ற உச்ச நீதிமன்றமும் இணைந்ததே இக்கூடம். 1945 செப்டம்பர் 12ஆம் நாள் ஜப்பானியர் சரணடைந்ததும் இந்நகர மண்டபத்தில்தான். நம் பாட்டன்மாரில் பலர் அத்தூண்களைச் சாலையில் நின்று பார்த்ததோடு சரி. வழக்கு என்று வந்தால் மட்டுமே உள்ளே செல்ல நேரும்.

2005இல் நீதிமன்றம் இடம்பெயர, 2015 நவம்பரில் ஓவியங்கள் குடியேறின. கைதிகளை வைத்திருந்த சிற்றறைகளையும் அங்குக் காணலாம். பிள்ளைகள் அங்கேதான் நெடுநேரம் நின்றனர்! (என் பயிற்சித்தாள் அத்துடன் கவிழ்ந்தது.)

மறுவாரம் அம்மாணவி தன் தந்தையை அழைத்துச் சென்றாளாம். அவரும் முதலில் டிக்கெட் விலையைத்தான் விசாரித்தாராம்.