ஆச்சியும் டீச்சரும்

ஆடி மாதம் குற்றாலத்துக்குப் போய்வந்தவன் அருவியைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். நானும் அந்த உத்தேசத்தோடுதான் போனேன். திரும்பி வரும்போது, தென்காசிக்குச் சற்று இப்பால், சாரல் பெருமழையாக மாறிவிட்டது. ஓடிப்போய் ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். அது ஓர் அங்கன்வாடி.

உள்ளே பத்துப் பதினைந்து குழந்தைகள். வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த ஓர் இளம் ஆசிரியை. கூடவே வயதான ஓர் அம்மாள். சர்க்கார் காகிதத்தில் அந்த அம்மாளுக்கு உதவியாளர் என்று பெயர். ஊரார் வாயில் ஆயா. ஆசிரியை மட்டும் ‘ஆச்சி’ என்றாள்.

ஒரு பையன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். ஆசிரியை படம் காட்டினாள், பொம்மை காட்டினாள். அழுகை உச்சஸ்தாயிக்குப் போயிற்று. ஆச்சி ஒரு முறத்தில் அரிசியோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஏலே, எனக்குக் கண்ணு தெரியலை. கல்லுப் பொறுக்கித் தாரியா?” பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

“டிரெயினிங்கில் இதைச் சொல்லித் தரலையே, ஆச்சி!”

“எனக்குப் பாட்டு வராதுல்லா, டீச்சர். நீங்க பாடுங்க.”

மழை விடுவதாக இல்லை. சுவரில் எழுதியிருந்த ‘அங்கன்வாடி’ என்ற சொல்லைப் பார்த்தபடி நின்றேன். அங்கன் என்றால் வடக்கே முற்றம். இந்த முற்றத்துப் பள்ளிக்கு வழிகாட்டியவர்களும் இப்படி இரண்டு பெண்கள்தாம்.

மூத்தவர் தாராபாய் மோடக். ராஜ்கோட்டில் பெண்கள் போதனா கல்லூரி ஒன்றின் முதல்வராக இருந்தவர். அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு, பவநகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் தொடங்கியிருந்த பாலர் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்தது 1939-இல். அதற்குப் பல வருஷங்கள் முன்பே அவருடைய முறையைக் கையாண்டு பார்த்தவர் தாராபாய்.

இளையவர் அனுதாய் வாக், 1910-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் கல்யாணம்; சில மாதங்களில் கைம்மை. அவரைக் கரையேற்றியது படிப்பு. 1929-இல் ஆசிரியைப் பயிற்சி முடித்துக் கிராமத்தில் வேலை பார்த்தார். பின்பு புனேயில் பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்தது. பகலில் கற்பித்து, இரவுப் பள்ளியில் தாமே கற்று, 1937-இல் மெட்ரிக் தேறினார்.

1945-இல் கஸ்தூரிபா நினைவு நிதியின் சார்பில் பம்பாய்க்கு அருகே போரிவலியில் நடந்த முகாமில் இருவரும் சந்தித்தனர். போர்டி என்ற கடற்கரைக் கிராமத்தில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்க தாராபாய் ஆள் தேடிக்கொண்டிருந்தார். புனேயில் நிலையான வேலை, தெரிந்த மனிதர்கள், தெரிந்த தெரு. ஒரு விதவை அதை விட்டுவிட்டு, முன்பின் அறியாத ஊருக்குப் போவதென்றால் சாமானியமா? அனுதாய் போனார். முப்பத்தைந்து வயதில் மறுபடியும் புது வாத்தியாரம்மா ஆனார்.

போர்டியில் பள்ளி இருந்தது; பிள்ளைகள் வரவில்லை. தம்பி தங்கைகளை யார் பார்த்துக்கொள்வது, மாட்டை யார் மேய்ப்பது? பாடத்திட்டத்தில் பதில் இல்லை. ஆகையால் பள்ளியே பிள்ளைகளின் குடிசை முற்றத்துக்குப் போயிற்று. முதல் பாடம் குளியல், தலை வாருதல். விலை உயர்ந்த மாண்டிசோரி சாமான்களுக்குப் பதிலாகக் கூழாங்கல், கிளிஞ்சல், இலை, விதை. பிற்பாடு இருவரும் கோஸ்பாட் குன்றுக்குப் போய், வார்லிப் பழங்குடிக் குழந்தைகளுக்காக உழைத்தார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடந்தது.

எந்த யோசனை யாருடையது என்று பிரித்துச் சொல்வது கடினம். பதினெட்டு வயது மூத்தவர். கல்லூரி முதல்வராக இருந்தவர். ஆனாலும் தம் முறை கிராமத்தில் செல்லவில்லை என்று கண்டதும் அதை மாற்றிக்கொள்ள அவர் கூச்சப்படவில்லை. இளையவரும் தமது பதினாறு வருஷ அனுபவத்தைத் தலையில் சுமந்து திரியவில்லை. 1973-இல் தாராபாய் காலமாகும்வரை அவர்கள் பிரியவில்லை. அதன் பின் 1992 வரை, தம் இறுதி நாள் மட்டும், அனுதாய் அந்தப் பணியைத் தாங்கினார்.

1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய சர்க்கார் 33 வட்டாரங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் மையங்கள் ‘அங்கன்வாடி’ என்றே பெயர் பெற்றன. அந்தப் பெயர்தான் தென்காசிச் சாலையோரத்துச் சுவர்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

மழை விட்டது. நான் புறப்படும்போது முறத்தின் ஓரத்தில் ஏழெட்டுக் கற்கள் சேர்ந்திருந்தன. ஆசிரியை தரையில் உட்கார்ந்து, அவற்றை வரிசையாக வைத்து, “ஒண்ணு, ரெண்டு...” என்று ஆரம்பித்தாள். பையன் கூடச் சொன்னான். ஆச்சியும் சொன்னாள்.