ரங்கையா, கோவிந்து: கையால் வண்ணம் தீட்டிய செடிப் படங்கள்

வண்ண அச்சு பரவலாகாத காலத்தில் ஒரு செடியையோ விலங்கையோ புத்தகத்தில் வண்ணத்தில் காட்ட என்ன செய்தார்கள் தெரியுமா? ஓவியர் வரைந்ததைக் கல்லில் ஏற்றிக் கறுப்பு மையில் அச்சடிப்பார்கள். பிறகு ஒவ்வொரு தாளுக்கும் தூரிகையால் வண்ணம் தீட்டுவார்கள். நூறு பிரதி என்றால் அதே இலைக்கு நூறு தடவை பச்சை! லண்டனில் ஜான் கூல்ட் 1845 முதல் 1863 வரை வெளியிட்ட ஆஸ்திரேலியப் பாலூட்டிகள் நூலின் கங்காரு படங்கள் இப்படி வந்தவைதான்.

அதே காலத்தில் சென்னையிலும் இந்த வேலை நடந்தது. செய்ய வைத்தவர் ராபர்ட் வைட். 1819ல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக வந்த ஸ்காட்லாந்துக்காரர். 1830களின் நடுவில் பாளையங்கோட்டையில் படைப்பிரிவோடு இருந்தபோது குற்றால மலைகளில் செடிகள் சேகரித்தார். 1836ல் பருத்தி, புகையிலை, நிலாவாரை பற்றி ஆராயும் பொறுப்பைக் கம்பெனி அவருக்குக் கொடுத்தது. 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் வேலையைக் கவனித்தார். விளாத்திகுளம், கோவில்பட்டி கரிசல் காட்டுக்காரர்களுக்குப் பருத்தியின் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. கம்பெனிக்குச் செடி என்றால் முதலில் வியாபாரம்.

1838ல் வைட் இரண்டு நூல் வரிசைகளைத் தொடங்கினார். ஒன்று வண்ணம் தீட்டியது, 1850 வரை வந்தது. மற்றொன்று வண்ணமில்லாதது, 1853 வரை வந்தது. அதில் மட்டும் 2101 படங்கள். வண்ணத்தை விட்டால் செலவு குறையும், அதிகப் படங்கள் போடலாம். கணக்கு எளிது.

படங்களை வரைந்தவர்கள் ரங்கையாவும் அவருக்குப் பின் வந்த கோவிந்துவும். இருவரும் தென்னிந்திய ஓவியர்கள். கம்பெனிக் காலத்து இந்திய ஓவியர்கள் பலருக்குப் பெயரே தெரியாது. வைட் இவர்கள் பெயரைப் படத்தின் அடியில் அச்சிட்டார். 1853ல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார். பிற்காலத் தாவரவியலார் அதை ட்ரோபீடியா என்ற பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை.

இவர்களின் மூல ஓவியங்கள் எடின்பர்க் அரச தாவரவியல் தோட்டத்தில் உள்ளன. அங்கு பணியாற்றிய ஹென்றி நோல்ட்டி எழுதிய நூல்களால்தான் இருவரும் மறுபடி வெளியில் தெரிய வந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

பழைய செடிப் படம் எங்காவது கண்ணில் பட்டால், பூவைப் பார்த்த பிறகு அடியிலும் பாருங்கள். வரைந்தவர் பெயர் இருக்கலாம். தாள் தாளாகப் பச்சை தீட்டியவர் பெயர் இருக்காது.