ஊசி எழுதிய வரலாறு

பஞ்சு விளைந்தது பண்ணையிலே, பறித்தவர் அடிமைகள்! பொதி பொதியாய்க் கப்பல் ஏறிற்று. பணம் குவித்தவர் பண்ணையார்கள்! நெய்த ஆடை சீமாட்டியின் மேனியை அணி செய்தது. நைந்து கிழிந்தபின் அதன் துண்டு மட்டும் திரும்பி வந்தது, பறித்தவளின் குடிசைக்கு. அந்தக் கந்தலைக்கொண்டு அவள் என்ன செய்தாள்? கேட்டாரில்லை. கோட்டை கட்டிய கொற்றவனுக்கு ஏடு உண்டு. குழந்தைக்குப் போர்வை தைத்த தாய்க்கு ஏடு ஏது?

உண்டு! அந்த ஏட்டை அவளே எழுதினாள். மையால் அன்று, நூலால்.

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ளது ஜார்ஜியா மாநிலம். அங்கே, ஏதென்ஸ் என்னும் ஊருக்கு அருகே, 1837-ஆம் ஆண்டு பிறந்தார் ஹாரியட் பவர்ஸ். பிறக்கும்போதே அடிமை! 1793-இல் எலி விட்னி என்பார் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் பொறியை அமைத்திருந்தார். பொறி வந்தால் கைக்கு ஓய்வு கிடைக்கும் என்போம். அங்கு நடந்ததோ வேறு. கொட்டை பிரிப்பது எளிதாயிற்று. ஆகவே பருத்திப் பண்ணைகள் பெருகின. ஆகவே அடிமைகள் மேலும் மேலும் தேவைப்பட்டனர். உடலைப் பூட்டியவர்கள் உள்ளத்தையும் பூட்டினர். அடிமைக்கு எழுத்தறிவித்தல் குற்றம் என 1829-இலேயே ஜார்ஜியாவில் சட்டம் இருந்தது. ஏர் பிடிக்கலாம், ஏடு பிடிக்கலாகாது! ஊசி பிடிக்கலாம், எழுதுகோல் பிடிக்கலாகாது!

1865-இல் அரசியற் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அப்போது ஹாரியட்டுக்கு வயது 28. விலங்கு அறுந்தது, வறுமை அறவில்லை. கணவரும் அவரும் பாடுபட்டுச் சிறிதளவு நிலம் தேடினர். பகலெல்லாம் உழைப்பு, எஞ்சிய வேளையில் தையல்.

மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பஞ்சு. மூன்றும் நழுவாதபடி குறுக்கும் நெடுக்குமாய் ஓட்டுத் தையல். இதனை அந்நாட்டார் ‘குயில்ட்’ என்பர். மேல் துணி பெரும்பாலும் ஒட்டுத் துண்டுகளால் ஆனது. குளிருக்குப் போர்வை, மணமகளுக்குப் பரிசு, பிறந்த குழந்தைக்குச் சீர். நம் இல்லங்களிலும் பாட்டியின் பழம் புடவை நான்காய் மடிந்து, தையல் ஓடி, தொட்டிற் பிள்ளைக்கு விரிப்பாகிறதன்றோ? அதனை நாம் கலை என்றோமா? உழைப்பு என்றேனும் ஒப்பினோமா? “சும்மா இருக்கும் நேரத்தில் தைத்தாள்” என்றோம். அவள் சும்மா இருந்த நேரம் எது என்று மட்டும் எவரும் சொன்னதில்லை!

1886-ஆம் ஆண்டு. ஏதென்ஸ் நகரின் பருத்திக் கண்காட்சியில் ஹாரியட் தைத்த போர்வை ஒன்று தொங்கியது. அதில் 11 கட்டங்கள். துணியில் வெட்டி ஒட்டித் தைத்த உருவங்கள். விவிலியக் கதைகள் அங்கே வரிசையாய் நின்றன: ஆதாமும் ஏவாளும், தம்பியைக் கொன்ற காயீன், யாக்கோபின் கனவு, சிலுவைக் காட்சி. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்று பெனின் எனப்படும் நாட்டில், இதே முறையில் துணியை வெட்டி ஒட்டிக் கதை சொல்லும் கலை உண்டு; இரண்டுக்கும் உள்ள ஒப்புமையை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

கண்காட்சியில் அதனைக் கண்டு வியந்தார் ஜென்னி ஸ்மித் என்னும் வெள்ளை ஓவிய ஆசிரியை. விலைக்குக் கேட்டார். ஹாரியட் மறுத்துவிட்டார். ஆனால் வறுமை மறுக்க விடுமா? 1891-இல் நிலத்தைத் துண்டு துண்டாக விற்கும் நிலை வந்தது. துண்டுகளை இணைத்துப் போர்வை செய்தவரின் நிலமே துண்டாயிற்று! மாட்டு வண்டி ஏறி வந்தார்; மடியிலே மாவுப் பையில் சுற்றிய போர்வை. கேட்டது 10 டாலர். கிடைத்தது 5 டாலர். கணவருடன் கலந்து பேசிக் கொடுத்தார். கொடுத்தபின்னும் பலமுறை வந்து அதனைப் பார்த்துச் சென்றார். பெற்ற மகளைக் கட்டிக்கொடுத்த தாய் எட்டிப் பார்ப்பதுபோல! ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் அவர் சொல்லச் சொல்ல ஜென்னி ஸ்மித் எழுதி வைத்தார். இன்று அப்போர்வை வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாவது போர்வையில் 15 கட்டங்கள். விவிலியக் கதைகளுக்கு நடுவே நாட்டு நடப்பும் இடம்பெற்றது. 1780-இல் நண்பகல் இருண்ட நாள். 1833-இல் விண்மீன்கள் மழையெனப் பொழிந்த இரவு. 1895-இல் உயிர்களை உறைய வைத்த குளிர். 1833-இல் ஹாரியட் பிறக்கவேயில்லை. முன்னோர் வாய்மொழியைக் கேட்டு, நெஞ்சில் தாங்கி, நூலில் கோத்தார். மற்றொரு கட்டத்தில், ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை 500 மைல் ஓடிய பன்றி! தப்பியோடிய அடிமையின் உருவகமோ அது என்று எண்ணுவோர் உண்டு. அட்லாண்டா பல்கலைக்கழக ஆசிரியர் குடும்பத்துப் பெண்கள் அப்போர்வையை 1898-இல் சமயப் பெரியார் ஒருவருக்குப் பரிசாக அளித்தனர். இப்போது அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் உடைமை.

1910-இல் ஹாரியட் மறைந்தார். “எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக் கிழவி, ஆயினும் என்ன கைத்திறன்!” என்று நெடுங்காலம் எழுதினர். பாராட்டிலும் ஒரு பழிப்பு! 1896-இல் ஹாரியட் எழுதிய கடிதத்தின் படி ஒன்று 2009-இல் நூல்வழி வெளிவந்தது. அதில் அவரே தம் கதையைச் சொல்கிறார். பதினொரு வயதளவில் வெள்ளைச் சிறுவர்கள் ஒலி சொல்லித் தந்தனர். பிறகு தாமே படித்தார். 2500 துண்டுகள் கொண்ட வேறொரு போர்வையும் தைத்தாராம். சட்டம் பூட்டிய கதவைச் சிறுமி திறந்துவிட்டாள். வரலாறுதான் வெளியே நின்றுகொண்டு, உள்ளே எவருமில்லை என்று எழுதிற்று!

வகுப்பில் வரலாறு சொல்லித்தரும் எனக்கு இச்செய்தி ஒரு பாடம். அறியாமை எப்போதும் எளியோரிடமே இருப்பதில்லை. எளியோரைப் பற்றி எழுதுவோரிடமும் இருக்கிறது.

தனி ஒருத்தியின் கதையோடு இது முடியவில்லை. அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்தோடும் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர். கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டு எழுந்த காலத்தில், 1962-இல், அக்கரை நகருக்குச் செல்லும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. வாக்காளராய்ப் பதிந்த குற்றத்துக்காகக் குடியிருந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்டவர் பலர். அவ்வட்டாரப் பெண்கள் 1966-இல் ‘விடுதலைத் தையற் சங்கம்’ கண்டனர். உழைத்து நைந்த ஆடைகளிலிருந்து தைத்துப் பழகிய கைகள், போர்வைகளை விற்றன. 1972 முதல் பெரு வணிக நிறுவனத்துக்குத் தலையணை உறைகள் தைத்தன. சங்கம் 23 ஏக்கர் நிலம் வாங்கியது. விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அதில் மனை தந்தது. ஊசி முனையில் பிறந்தது உரிமை மண்! 2002-இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகம் ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் ஏற்றிற்று. நிறுத்திய படகு மீண்டும் ஓடியதோ 2006-இல்தான். ஒரு படகு திரும்பி வர 44 ஆண்டு!

2021-இல் பாஸ்டன் நகரில் ஹாரியட்டின் இரு போர்வைகளும் முதன்முறையாக அருகருகே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒன்று ஐந்து டாலருக்குப் போனது. மற்றொன்று பரிசாய்க் கைமாறியது. இரண்டையும் ஒருசேரக் காணும் பேறு தைத்தவளின் நாட்டுக்கே இத்தனை காலம் வாய்க்கவில்லை.

நம் வீட்டு மூலையிலும் ஒரு தையல் விரிப்பு மடிந்து கிடக்கும். தைத்தவர் யார், எந்த ஆண்டு, எவருக்காக, எந்தப் புடவையின் துண்டு என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். தைத்தவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். சொல்ல அவர் இருக்கும்போதே கேளுங்கள்!